கூழ் வரிசையில் அமீனா

“ஞாயித்துக்கெழம எங்க ஊரு கோயிலுக்கு வாங்க சார், சம்மன எடுத்துகினு.”

சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட்டு அமீனாவிடம் லீவு நாளில் வேலை கேட்கவே கூடாது என்று வக்கீல் குமாஸ்தா சுலைமான் பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பி.ஏ. நான், கோர்ட்டு வராந்தாவில் கைகட்டி நிற்கவா படித்தேன்?

அமீனா பால்ராஜ் டீயை உறிஞ்சினார். “லீவுல வர்றதுக்கு நான் இன்னா உங்க தாய்மாமனாம்மா?”

அப்பா விட்டுப்போன பாரிவாக்கம் நிலத்தை அண்ணன் பரந்தாமன் மனை மனையாக விற்கக் கல் நட்டுக்கொண்டிருந்தான். பெண்ணுக்கும் பங்கு என்று போன வருஷம்தான் சட்டம் வந்தது. வழக்குப் போட்டேன். சம்மன் அவனிடம் சேர்ந்தால்தான் வழக்கு நகரும். அதுவரை கல்தான் நகரும்.

அண்ணனுக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். பால்ராஜ் போனார், கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் மூலமாகத்தான் வரவேண்டுமாம். ஆபீசுக்கு எழுதினோம், அதற்குள் லீவு போட்டுவிட்டு வில்லிவாக்கத்து மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். வில்லிவாக்கம் பட்டணத்து எல்லை. அங்கே பால்ராஜ் கால் வைக்கக் கூடாது. பட்டணத்துக் கோர்ட்டுக்கு அனுப்பி, அவர்கள் ஆள்தான் போகவேண்டும். அந்த ஆள் போனபோது கதவில் பூட்டு, உள்ளே ரேடியோவில் பாட்டு. கதவில் ஒட்டிவிட்டு வரலாமே என்றால் அதற்குத் தனி உத்தரவாம். ஒரே சட்டம்தான், பஸ் மாறி ஏறினால் நடைமுறையும் மாறிவிடுகிறது.

“ஆடிக் கூழு எங்க ஊட்டு மொற சார். மூத்த பிள்ள கையாலதான் ஊத்தணும். அவன் வந்தே ஆவணும்.”

“தொட்டுக்க இன்னா?”

“கருவாட்டுக் கொழம்பு.”

“வஞ்சிரமா?”

“நெத்திலி.”

“பரவால்ல. பாரிவாக்கம் நம்ம எல்லதான்.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மஞ்சள் வேட்டியில் ஜம்மென்று வந்து இறங்கினான். என்னைப் பார்த்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி, “இன்னா வக்கீலம்மா! இன்னிக்கி கோர்ட்டு லீவு. ஞாயித்துக்கெழம குடுத்தா செல்லாதுன்னு மாமனாரு கேட்டுகினு வந்து சொல்லிட்டாரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்டா இறங்கியது. அண்ணன் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினான். வரிசையில் அலுமினியத் தூக்கோடு பால்ராஜ் நின்றார். கேட்டைத் தாண்டாத மனிதர்; அண்ணனுக்கு முகம் தெரியாது. தூக்கு நிறைந்ததும் மடியிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

“நீங்கதான பரந்தாமன்?”

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. “நான் இல்லீங்க” என்றான், அம்மனுக்கு முன்னாலேயே.

பின்னால் நின்ற முத்தம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. “டேய் பரந்தாமா! ஒரு தூக்குக்கு இவ்ளோ நேரமாடா? எங்களுக்கும் ஊத்துடா!”

வரிசையே கத்தியது. “பரந்தாமா! ஏ பரந்தாமா!”

“ஊரே சாட்சி சொல்லிச்சி. புடி” என்றார் பால்ராஜ்.

“ஞாயித்துக்கெழம செல்லாது!”

“அது எந்த ஊரு ரூலோ நைனா. எங்களாண்ட செல்லும். வாங்கலன்னா வாங்க மாட்டேன்னான்னு எழுதிக்கறேன். இத்தினி பேரு பாத்துகினுகீறாங்க.”

கூழ் வழிந்த கையாலேயே அண்ணன் கையெழுத்துப் போட்டான். கேஸே வேண்டாம் என்று என்னைத் தினமும் திட்டிய அம்மா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள். பம்பைக்காரர் விஷயம் புரியாமலே ஓங்கி அடித்தார். பால்ராஜ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நெத்திலிக்கு இரண்டாம் தடவை கை நீட்டினார்.

கடைசியில் அண்ணன் என் பக்கம் வந்தான். குரல் இறங்கியிருந்தது. “வசந்தா, கேஸ வாபஸ் வாங்கிடு. நல்ல மாப்ளயா பாக்கறேன். சீரெல்லாம் ஜோரா செய்யறேன்.”

“முதல்ல கூழ ஊத்துண்ணா. ஆறுது.”

நான் நீட்டிய குண்டான் நிறைய ஊற்றினான். நட்ட கல்லுக்குத் தடை கேட்கும் மனுவில் நான் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை. குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பம்பை அடிக்கு ஏற்ற நடையில் கோயிலை விட்டு வெளியே வந்தேன்.