காத்திருக்காத மருந்து

மருந்து அதே மருந்து. பிள்ளையும் அதே பிள்ளை. வார்டில் கொடுத்தால் கேட்கிறது; வீட்டில் கொடுத்தால் கேட்பதில்லை. குழந்தைகள் வார்டின் நர்சுக்கு இது மட்டும் பிடிபடவேயில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள் அந்தச் சிறுமி. வார்டே அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடும். வந்தபோது இளைப்பில் விலாவெல்லாம் உள்வாங்க, பேச முடியாமல் திணறியவள், இன்று பக்கத்துக் கட்டில் பையனின் போர்வையை இழுத்து வம்பு செய்கிறாள். வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினால் மறுபடியும் வந்து நிற்பாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

"அந்தம்மா மருந்தே கொடுக்கிறதில்ல. கேட்டா கொடுக்கிறேன்னு சாதிக்கிறாங்க," என்றார் டாக்டர். வெளியே இன்னொரு குழந்தை கட்டிலுக்குக் காத்திருந்தது. "சீக்கிரம் அனுப்புங்க சிஸ்டர். ஆனா இன்னொரு தடவை இப்படித் திணறினா, உயிரோட இங்க வந்து சேருவாளான்னே தெரியல."

நர்ஸ் வாலுவின் அம்மாவிடம் போனாள். இன்ஹேலரையும், அதைச் செருகும் முகமூடி வைத்த பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துக்கொண்டு வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள். "நல்லா குலுக்கணும், குழாய்ல செருகணும், அழுத்தணும், பிள்ளை மெதுவா மூச்சு இழுக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டர்." கேள்வி முடியும் முன்பே அம்மாவின் தலை ஆடிவிட்டது.

அந்த அவசரத் தலையாட்டல்தான் நர்சை நிறுத்தியது. கால் அடுத்த கட்டிலுக்குப் பறந்தது. மனம் நகர மறுத்தது. குழாயை அம்மாவின் கையில் திணித்தாள். "வீட்டுல எப்படிக் கொடுப்பீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

அம்மா குலுக்கினாள், செருகினாள், அழுத்தினாள். எல்லாம் கச்சிதம். பிறகு குழாயின் வாயைச் சுத்தமான கைக்குட்டையால் மூடி, ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னம்மா, அங்க வெச்சிட்டீங்க?"

"அவ்வளவுதானே சிஸ்டர்? விடியறதுக்குள்ள நான் சலவைக் கடைக்குக் கிளம்பணும். இவ தூங்கிட்டிருப்பா. மருந்தை நிரப்பி மூடி வெச்சிட்டுப் போவேன். இவ எந்திரிச்சதும் இவங்கப்பா எடுத்துக் கொடுப்பாரு. ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

"அதுல ஒண்ணுமே வராது," என்றாள் வாலு. "சொன்னா, பேசாம இழுடின்னு அப்பா திட்டுவாரு."

நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்தே விட்டாள். "இது டம்ளர்ல ஊத்தி வெக்கிற மருந்து இல்லம்மா. பனிமூட்டம் மாதிரி. அழுத்தின கொஞ்ச நேரத்துலயே குழாயோட உள்பக்கம் படிஞ்சிடும். மிதக்கிறப்பவே பிள்ளை இழுத்தாத்தான் நெஞ்சுக்குள்ள போகும். இத்தனை நாளா இவ வெறும் காத்தைத்தான் இழுத்திருக்கா."

அம்மாவின் முகம் வெளிறியது. "நிரப்பி வெக்கலாமான்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு சிஸ்டர். பின்னாடி அத்தனை பேரு நிக்கிறாங்க. எரிஞ்சு விழுவீங்களோன்னு தலையை ஆட்டிட்டேன்."

டாக்டர் கையிலிருந்த பேனாவைப் பையில் செருகினார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி எழுப்பி, நீங்களே கொடுத்துட்டுப் போங்க," என்றாள் நர்ஸ்.

"எழுப்பினா கடிச்சு வெப்பா சிஸ்டர்."

"கடிக்கட்டும். கடிக்கிறதுக்கும் மூச்சு வேணும்ல?"

இம்முறை அம்மா முகமூடியை மகளின் முகத்தில் பொருத்திவிட்டு அழுத்தினாள். வாலு இழுத்தாள். குழாய்க்குள் இருந்த சின்ன ரப்பர் இதழ் மூச்சுக்கு மூச்சு திறந்து மூடியது. கூட்டிப்போக அப்பா வரும்போது அவரும் செய்து காட்ட வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள்.

பக்கத்துக் கட்டில் பையனின் அப்பாவிடம் போன டாக்டர், "புரிஞ்..." என்று ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டார். "எங்க, செஞ்சு காட்டுங்க."

"இது என்ன சார் பெரிய வித்தை?" என்று அவர் மகனின் இன்ஹேலரை ஜோராகக் குலுக்கி அழுத்தினார். இன்ஹேலர் முனையின் மூடி கழற்றாமலே இருந்தது.

வாலு வாய்பொத்திச் சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"தலையாட்டினா கத்துக்கிட்டதா அர்த்தமில்ல டாக்டர். மருந்து கொடுக்கப்போறவங்க தங்க கையால செஞ்சு காட்டினப்புறம்தான், இனி நாம எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பணும்."