சாக்லேட் சுவையில் பலம்

உலகத்தில் டப்பாவில் அடைக்க முடியாதது எதுவும் இல்லை என்பது அந்த மருந்துக்கடைக்காரரின் நம்பிக்கை. கல்லாவில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம், வயதானவர்களுக்கான புரோட்டீன் பவுடரை வந்தவர் போனவர் தலையிலெல்லாம் கட்டினார். கடையை விற்றதும் தன் தலையிலேயே கட்டிக்கொண்டார். சாக்லேட் சுவை. குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, பலம் தானாக வந்து சேரட்டும் என்று காத்திருப்பார்.

மருமகளின் அம்மா வேறு ரகம். டாக்டர் சொன்னாரென்று ஜிம்மில் சேர்ந்து எடை தூக்கினார். இவருக்கு இளக்காரம் தாங்கவில்லை.

"இந்த வயசுல பயில்வானாகி யாரை அடிக்கப் போறாங்களாம்?" என்றார், அந்த அம்மாள் காதுபடவே.

"நானும் சத்தாத்தான் சாப்பிடறேன், சம்பந்தி. சாப்பிட்டதுக்கு வேலை குடுக்கணும்ல?"

இவர் மூக்கைச் சுளித்துக்கொண்டார். தான் பெரிய மனுஷர் என்ற நினைப்பு.

மருமகள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். பேத்தியைப் பள்ளியிலிருந்து மதியம் கூட்டிவர ஆள் வேண்டும். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, குழந்தைக்கு வழியிலேயே கண் சொருகிவிடும். அவள் தன் தோளில் தூங்க வேண்டும் என்பதுதான் இவருக்கு இருந்த ஒரே ஆசை. "என் பேத்தியை நான் தூக்கிட்டு வர்றேன். வேற யாரும் வேணாம்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். மருமகள் தலையாட்டினாள். ஆனாலும் அம்மாவை வரவழைத்து வீட்டில் இருக்கச் சொன்னாள்.

முதல் நாள், படிக்கட்டடியில் பேத்தி கையை நீட்டினாள். தூக்கினார். முதல் மாடி வருவதற்குள் தொடை வெடவெடத்தது. வறட்டு கௌரவம் இன்னும் சில படி ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். குழந்தையை இறக்கிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

சத்தம் கேட்டுச் சம்பந்தியம்மா இறங்கி வந்தார். பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இன்னொரு கையை இவரிடம் நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து எழுந்ததைப் போன்ற கேவலம் அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்தே போனார்கள். மருமகளின் உத்தரவு. திரும்பி வந்ததும் இவர் முந்திக்கொண்டு குனிந்து, பேத்தியிடம் கையை விரித்தார்.

அவள் தூக்கக் கண்ணோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டலே இல்லை, நிஜமான அக்கறை.

"நான் நடந்து வர்றேன், பாட்டி. நீ தாத்தாவைத் தூக்கிக்கோ."