பன்னிரண்டு மூட்டைக்கு ஒரு ஆள்

அண்ணன் நீட்டிய விசாரணைக் காகிதத்தில் ஐந்தாவது பத்திக்கு வந்ததும் டீச்சருக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"பாரம் கூடினாலும் குறைந்தாலும் சரிவில் வண்டி ஒரே வேகத்தில்தான் இறங்கும் என்பதைத் தொழிலாளியே ஒப்புக்கொண்டார். ஆகவே பாரம் விபத்துக்குக் காரணமல்ல. வண்டியைக் கைவிட்டதே காரணம்."

"இதை யாருண்ணே சொன்னது?"

"நான்தான்." வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு, இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டார். "விசாரணைல அந்த வெல்ஃபேர் ஆபீசர் கேட்டான், உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு. என் தங்கச்சி சயின்ஸ் டீச்சர், அவளே பலகை வச்சுக் காட்டியிருக்கான்னு சொன்னேன். ஆள் அசந்துட்டான். இன்னொரு தடவை சொல்லுன்னு சொல்லி எழுதிக்கிட்டான்."

"அசந்துட்டானா? உன் வாயைக் கிளறி உன் தலையிலயே கல்லைப் போட்டிருக்கான்! வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. வியாழக்கிழமை கையெழுத்துக்கு வரச் சொல்லியிருக்கு, பாரு."

அண்ணன் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

விஷயம் இதுதான். கிடங்கில் மேல்தளத்திலிருந்து லாரி நிற்கும் இடம் வரை ஒரு சிமெண்ட் சரிவு. தள்ளுவண்டியில் ஆறு மூட்டை ஏற்றி, ஒரு ஆள் வண்டிக்கு முன்னால் நின்று, முதுகைக் கொடுத்துத் தாங்கியபடி மெல்ல இறக்குவது வழக்கம். அன்று மூன்று லாரி காத்திருந்தது. பன்னிரண்டு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார்கள். முன்னால் நின்றது மட்டும் அதே ஒரு ஆள், அண்ணன். பாதிச் சரிவில் முதுகு தாங்கவில்லை. ஒதுங்கிக்கொண்டதால் உயிர் மிஞ்சியது. கை தூணுக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

பலகை விஷயமும் பொய்யில்லை. போன வருஷம் பாடத்துக்கு ஒத்திகை பார்க்க, வீட்டுக் கூடத்தில் இரண்டு செங்கல் மேல் பலகையைச் சாய்த்து, இரண்டு பொம்மை வண்டிகளை விட்டாள். ஒன்று காலி, ஒன்றில் அம்மிக் குழவி. இரண்டும் ஒன்றாகவே கீழே வந்து சேர்ந்தன. டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் கையைத் தட்டினார். அதோடு விட்டாரா? கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தங்கச்சி படித்தவள் என்பதை நான்கு பேருக்குச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே சான்று அது. பதினாறு வயதிலிருந்து மூட்டை தூக்கி அவளைப் படிக்கவைத்தவர்.

"உன்னை யாரு அங்க போய் சயின்ஸ் பேசச் சொன்னது?"

"நீ சொன்னதைத்தானே சொன்னேன். அது தப்பா?"

தப்பில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை எடுத்துப் போட்ட சத்தத்தில் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் அதே பாடம். விசை, நிறை, முடுக்கம். அவள் நுழைந்ததும் வகுப்பு பழக்கதோஷத்தில் ராகம் போட்டது: "விசை சமம் நிறை பெருக்கல் முடுக்கம்!"

"வாயை மூடுங்க."

நாற்பது வாயும் மூடின.

"என்ன சொல்றீங்கன்னு தெரியுமா? கிளி கூடச் சொல்லும். எல்லாரும் பையை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க."

பள்ளி வாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சரிவு இருந்தது. தண்ணீர் கேன் ஏற்றும் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். கீழே சுவரோரம் விளையாட்டு அறையின் பழைய மெத்தையைச் சாத்தினாள். பத்துப் பை ஏற்றி விட்டார்கள். ஒருவன் நிறுத்துகடிகாரத்தைப் பார்த்தான். இருபது பை ஏற்றி விட்டார்கள். நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அப்ப வெயிட்டு ஒரு பொருட்டே இல்ல டீச்சர்" என்று ஒருவன் கையைத் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

பதினோரு வருஷமாக இந்தக் கைதட்டலோடுதான் அவள் பாடத்தை முடித்துவந்தாள். இன்று அந்தச் சத்தம் கன்னத்தில் அறைவதுபோல் இருந்தது.

"யாருடா தட்டுறது? கீழ வந்து பிடிடா பாக்கலாம்!"

தட்டியவன் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். முன்வரிசையிலிருந்து குண்டூசி என்று எல்லாரும் கூப்பிடும் ஒல்லிப் பெண் வாயைத் திறந்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் வருது டீச்சர். ஆனா பிடிக்கிறவனுக்கு ஒண்ணு இல்லையே."

"ஏன்?"

"தெரியல. பாத்தாலே தெரியுது."

"பாத்தாலே தெரியுதுன்னா பரீட்சைல போடுவாங்களா? அளந்து சொல்லு."

வில் தராசை வண்டியின் பின்னால் மாட்டி, நகராமல் பிடித்துப் பார்த்தார்கள். பத்துப் பைக்கு முள் நான்கு கிலோவில் நின்றது. இருபதுக்கு எட்டை நெருங்கியது. குண்டூசி நோட்டில் கணக்குப் போட்டாள், அடித்தாள், மறுபடியும் போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கீழ இழுக்குறதும் ரெட்டை, அசைய வேண்டிய சாமானும் ரெட்டை. அதனாலதான் வேகம் கூடுறது ஒண்ணா இருக்கு. ஆனா கையால நிறுத்தணும்னா ரெட்டை விசை வேணும். கைக்கு அது எங்க போறது?"

"உக்காரு" என்றாள் டீச்சர். உட்கார அங்கே இடமில்லை. வண்டி இறங்கும் வேகத்தை மட்டும் காட்டிவிட்டு, அதைத் தாங்குகிற ஆளைப் பாடத்திலேயே சேர்க்காமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். மூட்டை தூக்குகிறவன் வீட்டில் பிறந்தவள் அவள்! வேறு யாராவது செய்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணனோடு கிடங்குக்குப் போனாள்.

வெல்ஃபேர் ஆபீசருக்கு முப்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, சுத்தமான நகம். "வாங்க டீச்சர். நானும் பிசிக்ஸ்தான் படிச்சேன். உங்க அண்ணன் சரியாத்தான் சொல்லியிருக்கார். உங்களுக்குத் தெரியாததா?"

"வேகம் கூடுறதைச் சொன்னார். தாங்குறதை நீங்க கேட்கவே இல்ல. கேட்டா உங்களுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சேதான் கேட்கல."

"விசாரணை முடிஞ்சுபோச்சு டீச்சர். இது ஸ்கூல் இல்ல."

"ஸ்கூலா இருந்தா உங்களை வெளிய நிக்க வச்சிருப்பேன். வாங்க சரிவுக்கு."

அவள் குரல் கதவுக்கு வெளியே போய்விட்டது. கீழே வேலை நின்றது. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லார் முன்னாலும் மாட்டேன் என்று சொல்ல ஆபீசருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து வந்தார்.

வண்டியின் பின்பக்கம் வடக்கயிறு கட்டச் சொல்லி, அதை நான்கு பேர் கையில் கொடுத்தாள் டீச்சர். "இவரு என்ன பண்ணாலும் நீங்க கயித்தை விடக்கூடாது. யாருக்கும் அடிபடக் கூடாது." ஆறு மூட்டை ஏறியது.

"முன்னால நில்லுங்க சார்."

ஆபீசர் சட்டையை மடித்துவிட்டு முதுகைக் கொடுத்தார். நான்கு அடி இறக்கினார். முகம் சிவந்தது, ஆனால் தாங்கினார். "பாத்தீங்களா? தாங்க முடியுது."

"சாருக்கு ஒரு சோடா சொல்லுங்கப்பா" என்றார் மேஸ்திரி. சிரிப்பு கிளம்பியது.

"மேல இழுங்க. இன்னும் ஆறு ஏத்துங்க" என்றாள் டீச்சர்.

ஏற்றினார்கள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு மூட்டையையும் தொப்பென்று போட்டார்கள். ஆபீசர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மூட்டை அவர் தலைக்கு மேல் போய்விட்டது. அவர் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தார்.

"நேரா நில்லுங்க சார்."

"இல்ல... இதுக்கு ரெண்டு பேர் வேணும்."

அண்ணன் கையிலிருந்த விசாரணைக் காகிதத்தை வாங்கி டீச்சர் அவரிடம் நீட்டினாள்.

"அதை எழுதுங்க" என்றாள் டீச்சர்.

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"என் அண்ணனும் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாரு. அதை எழுதினீங்கல்ல? இதையும் எழுதுங்க. பன்னெண்டு மூட்டைக்கு ரெண்டு பேர் வேணும். அன்னிக்கு நின்னது ஒரு ஆள்."

"எழுதுற வரைக்கும் வண்டி இப்படியே நிக்கட்டும் சார்" என்றார் மேஸ்திரி. "லாரிக்காரன் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க." வெளியே ஏற்கெனவே ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

எழுதினார். ஐந்தாவது பத்தியின் கீழே, சின்ன எழுத்தில். மேலாளரிடம் போய் அரைமணி நேரம் கழித்து வேறொரு காகிதத்தோடு வந்தார். வேலைநீக்கம் இல்லை. "கவனக்குறைவுக்காகக் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்" என்றிருந்தது.

"கவனக்குறைவா? யாரோட கவனக்குறைவு?" டீச்சர் காகிதத்தைப் பிடுங்கினாள். "அண்ணே, இதுல கையெழுத்துப் போடாதே. போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"குடும்மா."

"போடாதேன்னு சொல்றேன்ல!"

"உனக்கு ஸ்கூல் இருக்கு. எனக்கு இந்தச் சரிவுதான். கை கூடினதும் திரும்ப இங்கதான் வரணும். குடு."

இடது கையால், கோணல்மாணலாக, அண்ணன் தன் பெயரை எழுதினார். எழுதும்போது நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அவளால் பார்க்க முடியவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

சரிவில் அந்தப் பன்னிரண்டு மூட்டை வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு பேர் முதுகு கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி கையை உயர்த்தினார். "டீச்சர், இப்ப சரியா இருக்கா?"

"அதைச் சொல்ல நான் வரணுமாய்யா? இத்தனை பேரு இருந்து, அன்னிக்கு அவரைத் தனியா நிக்க விட்டீங்களே!"

மேஸ்திரியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. முதுகு கொடுத்திருந்த இரண்டு பேரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.