வால்ட்டர் க்ராப்ட்ரீயின் இடது கை

செத்து இருபது வருஷம் ஆகாமல் எங்கள் ஸ்கார்பெக்கில் யாரும் பெரிய மனிதர் ஆக முடியாது. ஊர்ப் பாரம்பரியச் சங்கத்தின் விதி அது. அதற்குள் ஆளை நேரில் அறிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், மீதிப் பேருக்கு ஞாபகம் மங்கியிருக்கும், அப்புறம் புகழ்வதற்கு என்ன தடை? செத்த மாடு படிபடியாய்ப் பால் கறக்கும். அவர் குடியிருந்த வீட்டு வாசலில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு நீலப் பலகையைத் திருகுவார்கள். அதன்மேல் ஒரு சின்னத் திரை. யாராவது கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்ததும் எல்லோரும் தேவாலயக் கூடத்துக்குப் போய் வெள்ளரிக்காய் சாண்ட்விச் தின்றுவிட்டுக் கலைவார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. அந்த வீட்டில் இப்போது இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். குத்துச்சண்டைக்காரர் வால்ட்டர் க்ராப்ட்ரீக்குப் பலகை வைக்கலாம் என்று சங்கம் தீர்மானித்தபோது வந்து இடித்தது இந்த விதிதான். வீவர் தெரு இருபத்து மூன்றாம் எண் வீட்டில் இருந்தவள் அவருடைய மகள் ஹில்டா. எழுபத்தோரு வயது, கல்யாணம் ஆகாதவள். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

அவளுடைய தம்பி டெஸ்மண்டால் இதைத் தாங்க முடியவில்லை. அப்பா பெயரில் குத்துச்சண்டைக் கூடம் நடத்துகிறவன் அவன். அறுபத்தாறு வயதிலும் கழுத்து காளைக்கு இருப்பதுபோல் இருக்கும். முதல் தடவை வந்து கெஞ்சினான். இரண்டாம் தடவை தேநீர்க் கோப்பையைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். மூன்றாம் தடவை சங்கச் செயலாளர் கெனத் பர்ட்விசிலையும் கூட்டிக்கொண்டு வந்தான். கெனத் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், பரம சாது. பக்கத்தில் யாராவது குரலை உயர்த்தினால் ஜன்னல் பக்கம் திரும்பி மேகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஹில்டா தேநீர் ஊற்றும்போது சட்டைக் கை மேலே ஏறி, மணிக்கட்டைச் சுற்றி ஊதா வளையம் தெரிந்தது. கெனத் அதைப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் போலிருக்கிறது என்றார்.

"எங்க ஹில்டா நல்லவதான் கெனத். கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான்" என்றான் டெஸ்மண்ட். சொல்லிக்கொண்டே அவள் நாற்காலியின் பின்னால் வந்து நின்று, அவள் தோளில் கையை வைத்து அழுத்தினான். எலும்பு வலித்தது.

"கையெழுத்துப் போடறேன், ஆனா கயித்த நான்தான் இழுப்பேன்" என்றாள் ஹில்டா. "அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசுவேன்."

கெனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளே திறந்து வைப்பதென்றால் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வருமே! டெஸ்மண்ட் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல் அவள் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். இரண்டாவது தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் ஹில்டா அறுபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். அம்மா எப்படிச் செத்தாள் என்பதை ஊர் கூடி நிற்கும்போது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தானும் செத்துப்போய்விடுவோமோ என்பது ஒன்றுதான் அவளுக்குப் பயம்.

வீவர் தெருவில் எல்லாம் ஒட்டு வீடுகள். இந்த வீட்டுச் சுவர்தான் அந்த வீட்டுக்கும் சுவர். கணப்படுப்புக்குப் பின்னால் ஓர் இரும்புத் தகடு இருக்கும். உதவி வேண்டுமென்றால், அடுப்பு கிளறும் கம்பியால் அந்தத் தகட்டை மூன்று தட்டு. பிரசவ வலியா, நெஞ்சு வலியா, அடுத்த வீட்டுக்காரி மாவுக் கையோடு ஓடி வருவாள். மூன்று தட்டுக்கு வராத பெண் அந்தத் தெருவில் கிடையாது. ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒரு சனிக்கிழமை வரை கிடையாது.

அன்று மத்தியானம் கால்பந்து மைதானத்தில் பந்தல் போட்டு நடந்த சண்டையில் வால்ட்டர் நாட்டின் வடபகுதிக்கான பட்டத்தை வென்றார். எதிராளி இருபத்திரண்டு வயதுப் பையன். இடது கையால் தாடையில் விட்ட குத்தில் விழுந்தவனை எழுப்ப முடியாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். தெருவே வெறிபிடித்துக் கிடந்தது. பானையைத் தட்டினார்கள், வாளியைத் தட்டினார்கள், அடுப்புத் தகட்டையும் தட்டினார்கள். வால்ட்டரைத் தோளில் தூக்கி வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். நாலு வயது டெஸ்மண்ட் அத்தை வீட்டில் இருந்தான். ஒன்பது வயது ஹில்டா மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஐவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தப் பையன் பொழைச்சுப்பானா, வால்ட்?"

முதல் அடி வயிற்றில் விழுந்தது. அவள் மடங்கினாள். தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி வாயில் அடித்தார். பல் ஒன்று ஹில்டா வைத்த தட்டில் வந்து விழுந்தது. "என்னைக்காவது நான் ஜெயிச்சதுக்குச் சந்தோஷப்பட்டிருக்கியாடி?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். ஐவி அடுப்பைக் கண்ணால் காட்டினாள். ஹில்டாவுக்குப் புரிந்தது. கம்பியை எடுத்துத் தன் பலம் எல்லாவற்றையும் கொண்டு மூன்று தட்டுத் தட்டினாள்.

பதிலுக்குப் பக்கத்து வீட்டுத் தகடு ஒலித்தது. டம் டம் டம். வெற்றி மேளம் என்று நினைத்துத் திருப்பித் தட்டினார்கள். அதற்கு அடுத்த வீட்டிலும் தட்டினார்கள். அதற்கும் அப்பால் வீடுவீடாய்த் தெருக்கோடி வரை உற்சாகமாய்த் தட்டிக்கொண்டே போனார்கள். ஹில்டா மறுபடி தட்டினாள். தெரு மறுபடி தட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வால்ட்டரின் இடது கை போய் இறங்கியது. ஐவியின் பின்னந்தலை அடுப்புக் கல்லின் விளிம்பில் மோதியது. அப்புறம் அவள் அசையவில்லை.

ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். ஹில்டாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரே மலர்வளையம் அனுப்பியது. மனைவி போன துக்கத்திலும் நாலு வருஷம் பட்டத்தை விடாமல் காத்தாரே என்று இன்றைக்கும் வால்ட்டரைப் பற்றி உருகுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பின்னாளில் எல்லா வீட்டிலும் காஸ் வந்து அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஹில்டா மட்டும் அடைக்கவில்லை. தெருக்காரர்கள் மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. பாவம், மேளம் என்று நினைத்துவிட்டார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் இத்தனை வருஷமும் தன்னைத் தேற்றிக்கொண்டு இருந்தாள்.

திறப்பு விழாவும் சனிக்கிழமைதான். நூறு பேர் இருக்கும். மேயர் கழுத்துச் சங்கிலியோடு வந்திருந்தார். பித்தளை வாத்தியக் கோஷ்டி வந்திருந்தது. பக்கத்து வீட்டு வின்னி சக்டன், எண்பத்தெட்டு வயது, தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வால்ட்டரின் இடது கையைப் பற்றி மேயர் ஒரு சிரிப்புக் கதை சொன்னார். நாற்பது பேரைச் சாய்த்த கையாம்.

"நாப்பத்தொண்ணு" என்று ஆரம்பித்தாள் ஹில்டா.

கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே, இழுக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் கேள்வியைச் சொன்னாள், தட்டில் விழுந்த பல்லைச் சொன்னாள், மூன்று தட்டையும் சொன்னாள். குரல் உயரவே இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டெஸ்மண்ட் முதலில் சிரித்து, அக்காவுக்கு வயதாகிவிட்டது, மன்னியுங்கள் என்று மேயரிடம் சொல்லிப் பார்த்தான். மேயர் சிரிக்கவில்லை. டெஸ்மண்டின் முகம் செங்கல் நிறமானது. அவள் கையைப் பிடித்து இழுத்து, வீட்டுக்குள் தள்ளி, கதவைத் தாழ்போட்டான்.

வெளியே கெனத் வானத்தைப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். வாத்தியக் கோஷ்டிக்குக் கை காட்டினார். அவர்களும் ஊதத் தொடங்கினார்கள்.

உள்ளே டெஸ்மண்ட் அழுதுகொண்டே அடித்தான். அவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர், அவரைக் கொலைகாரன் ஆக்கிவிட்டாயே என்று சொல்லிச் சொல்லி அடித்தான். உதடு கிழிந்தது. விலாவில் ஏதோ முறிந்தது ஹில்டாவுக்கே கேட்டது. தரையில் கிடந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் இடது தோளைத் தாழ்த்தி, காலை அகட்டி நின்ற நிற்பை அவளுக்குத் தெரியும். உடம்பு மட்டும்தான் வேறு.

அவள் அடுப்பு வரை ஊர்ந்து போய்க் கம்பியைப் பிடித்தாள். அவன் முழங்கால் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஓங்கி ஒன்று போட்டிருந்தால் அவன் ஜென்மத்துக்கும் நொண்டியிருப்பான். போடத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் கம்பியைத் தகட்டுப் பக்கம் திருப்பினாள். மூன்று தட்டுத் தட்டினாள். குதிகால் அவள் கைமேல் இறங்கியது. கம்பியை இன்னொரு கைக்கு மாற்றி இன்னும் மூன்று தட்டினாள்.

வின்னியின் வெறும் வீட்டுக்குள் அந்தச் சத்தம் எழும்பி, திறந்த வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தது. வின்னி நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் எழுந்து நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"ஊதறத நிறுத்துங்கடா, பாவிகளா" என்றாள்.

வாத்தியம் நின்றது. மூன்று தட்டு எல்லோருக்கும் கேட்டது. இப்போதுதானே அதன் அர்த்தம் சொல்லியிருந்தாள்? மேளம் என்று இனி யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. பெரிய முரசு அடிக்கிறவன் முரசைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தோளால் கதவை இடித்தான். நாலாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது. டெஸ்மண்ட் முதலில் வந்தவனின் மூக்கை உடைத்தான், இரண்டாமவனின் தாடையைப் பெயர்த்தான். அதற்குள் எட்டுப் பேர் அவன்மேல் விழுந்து, முகத்தைத் தரையில் வைத்து அழுத்தினார்கள். யாரோ ஒருவன் அவன் காதில் உதைத்தான். இன்னொருவனும் உதைத்தான். கொண்டாட வந்த அதே ஜனம்தான். போலீஸ் வராமல் இருந்திருந்தால் கொன்றே போட்டிருப்பார்கள்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது வின்னி உள்ளே வந்து, அடுப்பருகே சாய்ந்து கிடந்த ஹில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கைக்குட்டையால் அவள் உதட்டை ஒற்றினாள்.

"மூணு தட்டு கேட்டுச்சு கண்ணு" என்றாள். கைக்குட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

"தெரியும். மேளம்னு நெனைச்சுட்டீங்க."

வின்னி கைக்குட்டையை மடித்தாள். "இல்ல. ஒரு கொழந்த தட்டற தட்டு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு ஃப்ரெட் போகாதேன்னாரு. தெருவே சந்தோஷமா இருக்கு, கெடுக்காதேன்னாரு. அவரு தட்டினாரு. அப்புறம் நானும் தட்டினேன்."

உடைந்த விலா இவ்வளவு வலிக்கவில்லை ஹில்டாவுக்கு. அறுபத்திரண்டு வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் இவர்களை மன்னித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து வின்னி ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவளுக்குக் கேக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்பி இன்னும் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள். வின்னியும் பார்த்தாள், ஆனால் நகரவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள் போலும்.

ஹில்டா கம்பியை அடுப்பில் போட்டாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். யாரையும் தொட விடவில்லை. உடைந்த கதவைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

கெனத் ஓடி வந்தார். பலகையை இப்போதே கழற்றச் சொல்கிறேன், சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கிறேன் என்றார்.

"கழட்டாதீங்க, அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் ஹில்டா.

கழற்றிவிட்டால் அடுத்த வாரமே எல்லோரும் மறந்துவிடுவார்கள். மறப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஊர் கிடையாது. பலகை இருந்தால் போகிறவன் வருகிறவன் நின்று படிப்பான். படிக்கிறவனிடம் மீதியைச் சொல்ல அவள் வாசலில் இருப்பாள்.

ரத்தக் கையால் கயிற்றை இழுத்தாள். திரை விலகியது. வால்ட்டர் க்ராப்ட்ரீ, குத்துச்சண்டை வீரர், இந்த வீட்டில் வாழ்ந்தார் என்று வெள்ளை எழுத்தில் இருந்தது. யாரும் கை தட்டவில்லை.