எதுக்கும் இருக்கட்டும்

"சர்வர் சின்னதா இருக்கேம்மா?" என்றார் மேனேஜர், மூன்றாவது தடவையாக. ஆபீசில் அவருக்கு 'எதுக்கும்' என்று பெயர். எந்த மதிப்பீட்டை நீட்டினாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு மடங்காக்கித்தான் திருப்பித் தருவார்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மருத்துவமனைக்கு நாங்கள் செய்திருக்கும் பதிவு மென்பொருளில் தேடுவது, வரிசைப்படுத்துவது எல்லாமே கவுன்ட்டர் கம்ப்யூட்டரின் வேலை. சர்வர் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்கு எதற்கு யானை பலம்? பதிலாக, கவுன்ட்டருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கட்டும் என்று எழுதியிருந்தேன். இதில் என் சுயநலமும் உண்டு, மறைப்பானேன். அந்தக் கவுன்ட்டரில் இருப்பது என் அக்கா. கை வேகம் போதாது என்று ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்கள். இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும்.

"கவுன்ட்டரெல்லாம் நம்ம தலைவலியா? சர்வர் படுத்தா நம்ம மானம் போகும்."

"படுக்காது சார். அதுக்கு வேலையே இல்ல."

"எதுக்கும் இருக்கட்டும். பெருசாவே போடு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய சர்வர் வந்தது, புதுக் கம்ப்யூட்டர் வரவில்லை.

மென்பொருள் ஓடத் தொடங்கிய அன்று காலை, ஆபீஸ் திரையில் சர்வரின் சுமையைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடப்பதைக் காட்டி 'எதுக்கும்' பூரித்துப்போனார். "பாத்தியா, அசையவே இல்ல!" அசைய என்ன இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.

வரிசை வாசல்வரை நின்றது. அக்காவின் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருக்க, திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது. முன்னால் நின்றவர், "உங்க மேலதிகாரி யாரு?" என்று கத்தினார்.

அக்கா நிமிர்ந்தாள். "சர்வர் டவுனுங்க. நாங்க என்ன பண்றது?"

"ஓ, சர்வரா" என்று அவர் உடனே தணிந்துபோனார். பின்னால் இருந்தவர்களுக்கும் சொன்னார். ஆளாளுக்குச் சர்வரைத் திட்டினார்கள். அக்காவை ஒருவரும் திட்டவில்லை.

கைபேசி அடித்தது. 'எதுக்கும்'. "சர்வர் டவுன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு! இங்க கோடு அசையவே இல்லையே. இன்னும் பெருசா போட்டிருக்கணுமோ?"

சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னால், பழி கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நேராக அக்காவின் கை வேகத்தில் வந்து விழும். சொல்லாவிட்டால், சின்ன சர்வரே போதும் என்ற என் மதிப்பீட்டின் மேல் விழும். எரிச்சலில் காது சுட்டது.

"என்னம்மா, எதுக்கும் இன்னொன்னு போட்டுடலாமா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். அவள் கண்ணாடியில், சின்னதாக, அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.