பொய்த் தீக்கொடி

லான்சி முள்ளங்கிக் கஞ்சியைக் கூடையில் வைத்துக் கயிற்றை ஆட்டினாள். தெற்கு மதிலை ஒட்டிய தீக்காவல் கோபுரத்தின் உச்சியிலிருந்து, தீக்காவல் படையில் இருந்த அவள் கணவன் கெங் அதை இழுத்தான். சோங் அரசின் தலைநகரான பியென்லியாங்கை வடக்கிலிருந்து வந்த ஜூர்சென்கள் முற்றுகையிட்டதிலிருந்து அவன் வீட்டுக்கு வரவில்லை.

"என்னடி இது, தண்ணில முள்ளங்கி நீச்சல் அடிக்குது?"

"ராஜா தோட்டத்து மானை அறுத்தா சொல்லி அனுப்பறேன். இப்ப குடிங்க."

அவன் சிரித்தான். குடித்து முடித்தவன் மதிலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"தளபதி ஐயா! ஏணி சாத்தறாங்க! ஆளுங்கள மேல ஏத்துங்க!"

மதிலடியில் ஒரு படைப்பிரிவே பனியில் நின்றிருந்தது. தளபதி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீரர்களுக்கு அவர் பெயர் தெரியாது. படை தளபதியோடு ஒட்டிவிட்டால் அரியணைக்கு ஆபத்து என்று சோங் அரசு தளபதிகளை மாற்றிக்கொண்டே இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு தளபதியும் அரசைக் கவிழ்க்கவில்லை என்பதும் உண்மைதான்.

"அரண்மனை முத்திரை போட்ட உத்தரவு வரணும்ப்பா," என்றார் தளபதி. "வராம நகந்தா என் தலை போயிடும்."

"அதுக்குள்ள ஊரே போயிடும்யா!"

தீக்கு மட்டும் முத்திரை தேவையில்லை. கோபுரத்தில் கொடி ஏறினால் போதும், வாளியும் கொக்கியுமாக ஆட்கள் பறந்து வருவார்கள். லான்சியே இதை வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டதுண்டு. ஆனால் தீயில்லாமல் கொடி ஏற்றினால் மரண தண்டனை.

கெங் கொடிக்கயிற்றைப் பிடித்தான்.

"ஏங்க, வேணாங்க! உங்கள வெட்டிடுவாங்க!"

"வெட்டறதுக்கு அவங்க உசுரோட இருக்கணும்ல? நீ ஓரமா நில்லு."

கொடி ஏறியது. சந்துகளிலிருந்து வாளிக்காரர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "தீ எங்கடா?"

"மதில் மேல! வாங்கடா!" கெங் இறங்கி ஓடினான். போகிற போக்கில் காலிக் கிண்ணத்தை அவள் கையில் திணித்தான்.

கூரை பிடுங்கும் கொக்கிகளால் ஏணிகளைத் தள்ளினார்கள். தள்ள முடியாத ஏணிகளில் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றிய கையோடு அது உறைந்தது. "என்ன மாமா, வழுக்குதா?" என்று யாரோ கீழே பார்த்துக் கூவினான். கவசம் போட்டவர் ஒருவரும் மேலே இல்லை. அம்புகள் வரத் தொடங்கியதும் கேலிக்குரல் நின்றது. படியில் கால் வைத்த ஒரு வீரனைத் தளபதி தோளைப் பிடித்து நிறுத்தினார். அரண்மனைத் தெருவையே எட்டிப் பார்த்தார்.

முத்திரை வந்தபோது மதில்மேல் நின்றவர்கள் ஜூர்சென்கள். தளபதியின் படை கலைந்து ஓடியது.

கெங்கின் உடலை அவள் மதிலடியில் கண்டுபிடித்தாள். முகம் முழுக்கச் சேறும் ரத்தமும். பனியை அள்ளி உள்ளங்கையில் உருக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். படையில் சேர்ந்தவன் ஓடிப்போகக் கூடாதென்று அரசு அவன் கன்னத்தில் பச்சை குத்தியிருந்த எழுத்துகள், ஒன்றுகூட அழியாமல், அப்படியே இருந்தன.