மச்சாளுக்கு வியர்த்தபோது

பழிவாங்குவதற்கென்றே யசிந்தா புதுச் சேலை எடுத்திருந்தாள். பழைய சேலையோடு போய்ப் பழிவாங்கினால் பொறாமை என்று சொல்லிவிடுவார்கள்.

பழிக்கு வயது இரண்டு. மகள் ஜெசிதாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த அன்று அவர்கள் பிந்திவிட்டார்கள். காலையில் இன்சுலின் ஊசி போட்ட யசிந்தா, வருகிறவர்களுக்கு முன் சாப்பிடக்கூடாது என்று மரியாதை பார்த்துக் கொண்டிருந்ததில், இரத்தத்தில் சீனி சரசரவென்று இறங்கிவிட்டது. அதன்பிறகு தான் செய்தவை எல்லாம் அவளுக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். தேநீர்த் தட்டை மாப்பிள்ளையின் தாயின் மடியில் வைத்தாளாம். அந்த அம்மாவின் கொண்டையைத் தேங்காயைப்போலத் தட்டிப் பார்த்து, "நல்ல முத்தல், துருவலாம்" என்றாளாம்.

அதைக்கூடச் சிரித்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் "இவவுக்கு என்ன?" என்று அந்தத் தாய் கேட்டபோது, யசிந்தாவின் கணவனுடைய அக்கா அற்புதராணி, இரகசியம் பேசுகிற குரலில், ஆனால் வாசல்வரை கேட்கும்படியாக, "வலிப்பு. தாய்க்கும் இருந்தது" என்றாள். அன்று மாலையே சம்பந்தம் முறிந்தது.

போன மாதம் மானிப்பாய்ப் பக்கம் யசிந்தா போயிருந்த ஒரு கிளினிக்கில், இன்சுலின் வாங்கும் நீரிழிவுக்காரர் வரிசையில், தலையை முந்தானையால் மூடியபடி ஒருத்தி நின்றாள். அற்புதராணி! குருநகரில் ஒருவருக்கும் தெரியக்கூடாதென்று இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். யசிந்தா தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவளுடைய உடம்புக்கு அந்தத் தூண் போதாதுதான். ஆனாலும் அன்று ஆண்டவர் அவள் பக்கம்.

இன்றைக்கு அற்புதராணியின் மகன் எமில்ராஜுக்குச் சம்பந்தம் பேசி, பெண் வீட்டார் இளவாலையிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். "பாயாசம் வேண்டாம் மச்சாள், நீங்கள் இன்சுலின் போடுறனீங்களெல்லோ!" இந்த வசனத்தை யசிந்தா கண்ணாடிக்கு முன் மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

பன்னிரண்டுக்கு வரவேண்டியவர்கள் இரண்டு மணிக்கு வந்தார்கள். வான் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதாம். வந்தும் சாப்பாட்டுப் பேச்சில்லை. பெண்ணின் தகப்பன் மதில் எந்த ஆண்டு கட்டியது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அற்புதராணியின் மேலுதட்டில் வியர்வை முத்துக் கட்டியதை யசிந்தா கண்டாள். மின்விசிறி நேரே சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்தது கைநடுக்கம். யசிந்தாவுக்கு இந்தப் பாடம் தலைகீழாகத் தெரியும்.

மச்சாளும் காலையில் ஊசி போட்டிருக்கிறாள். மச்சாளும் மரியாதை பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

யசிந்தா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தானாகவே வருவதைக் கெடுப்பானேன்?

அற்புதராணி பெண்ணின் தகப்பனைப் பங்குச் சாமியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "சுவாமி, நாளைக்குப் பூசை எத்தினை மணிக்கு?" என்றாள். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவள் ஒரு கிளாஸ் இனிப்புச் சோடாவை எடுத்துப் பூச்சாடிக்குள் பதமாக ஊற்றினாள். யசிந்தாவுக்கு உள்ளே பெருநாள் பாண்ட் வாத்தியம் முழங்கியது.

அதற்குள் அற்புதராணி திரும்பினாள். கண் திறந்திருந்தது; உள்ளே ஆளில்லை. இந்தப் பார்வைக்குள்ளே யசிந்தா எத்தனையோ தரம் இருந்திருக்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இவவுக்கு என்ன?" என்று பெண்ணின் தாய் கேட்டாள்.

அதே கேள்வி. யசிந்தாவின் நாக்கு நுனியில் 'வலிப்பு' வந்து நின்றது. ஒரு சொல் போதும். கணக்குத் தீர்ந்துவிடும்.

"சீனி இறங்கீட்டுது, வேறையொண்டுமில்லை," என்றது வாய். கால்களும் எழும்பி ஓடின. மச்சாளின் கன்னத்தைப் பிடித்துச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பருக்கும்போது, யசிந்தா தன்னைத்தானே வாய்க்குள் திட்டிக்கொண்டாள். புதுச் சேலையில் சோடா வேறு.

சரி, சீனி வருத்தத்தையாவது அம்பலப்படுத்தியாச்சே என்று நிமிர்ந்தால், பெண்ணின் தாய் கைப்பையைத் திறந்து குளுக்கோஸ் பக்கெற்றை எடுக்கிறாள்.

"இந்தாங்கோ, எனக்கும் இருக்குது. இவருக்கும் இருக்குது. இப்ப ஆருக்கில்லை?"

இரண்டு பஸ் மாறிப்போய்க் காத்த இரகசியம் ஒரு மதிப்பும் இல்லாமல் கிடந்தது.

கால் மணித்தியாலத்தில் அற்புதராணி தெளிந்தாள். வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு இருத்திவிட்டு, யசிந்தா அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்கோ. அண்டைக்கு ஏன் வலிப்பெண்டனீங்கள்?"

"எனக்கும் அப்பதான் சீனி வருத்தம் பிடிச்சிருந்தது, யசிந்தா. சீனியெண்டு சொன்னா, குடும்பத்திலை வேறை ஆருக்கெண்டு கேப்பினம்... என்னைப் பாப்பினமெண்டு பயம்."

"அதுக்கு என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையோ?"

அற்புதராணி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். யசிந்தாவுக்கு மனம் இளகப் பார்த்தது, அவள் விடவில்லை.

"பின்னேரம் என்னோடை வாறீங்கள். அண்டைக்கு வந்த பெடியன்ரை தாய்க்கு முன்னாலை நிண்டு, 'நான் சொன்னது பொய்' எண்டு சொல்லுறீங்கள்."

"அந்தப் பெடியன் கலியாணம் முடிச்சு பிரான்சிலையெல்லே? இனிச் சொல்லி என்ன வரப்போகுது உமக்கு?"

"ஒண்டும் வராது. சொல்லோணும்."

அற்புதராணி அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைச் சரியாக்கினாள். "ஓம், வாறன்," என்றாள் கடைசியில். "இப்பவே போவமோ? பிந்தினா எனக்குத் துணிவு வராது."

"இப்பவோ? ஊசி போட்ட உடம்பு, சோடா எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? வழியிலை விழுந்து, பிறகு நான் உங்களைத் தூக்கவோ?"

யசிந்தா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டாள், மேலே இறால் குழம்பு விட்டாள், மச்சாளின் முன்னே வைத்தாள். பிறகு கதிரையைக் கதவோடு இழுத்துப் போட்டு, சிறைக் காவல்காரியைப்போலக் குந்தினாள்.

"ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது. பாத்துக்கொண்டிருப்பன்."